வீட்டில் இருந்தபடியே ஜானம்: பழைய சூத்திரங்கள் காட்டும் படிகள்

மச்சிகாசண்டம் என்ற ஊருக்கு நிகண்ட நாதபுத்தர், அதாவது மகாவீரர், பெரிய கூட்டத்தோடு வந்திருந்தார். அந்த ஊரில் சித்தர் என்றொரு இல்லறத்தார், புத்தரின் சீடர். அவரும் பார்க்கப் போனார். நாதபுத்தர் கேட்டார்: "எண்ண ஓட்டமே அடங்கிப்போகும் சமாதி ஒன்று உண்டு என்று கௌதமர் சொல்கிறாரே, இல்லறத்தாரே, அதை நீர் நம்புகிறீரா?" "நம்பிக்கையின் பேரில் நான் அதை ஏற்கவில்லை, ஐயா." நாதபுத்தருக்கு ஏக மகிழ்ச்சி. எவ்வளவு நேர்மையான மனிதர் பாருங்கள், எண்ணத்தை நிறுத்துவதும் காற்றை வலைபோட்டுப் பிடிப்பதும் ஒன்றுதான் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அப்புறம்தான் சித்தர் விஷயத்துக்கு வந்தார். "அறிவு உயர்ந்ததா, நம்பிக்கை உயர்ந்ததா?" "அறிவுதான்." "அப்படியென்றால் கேளுங்கள். நான் வேண்டும்போது முதல் ஜானத்தில் நுழைந்து தங்குகிறேன். இரண்டாவதிலும், மூன்றாவதிலும், நான்காவதிலும் அப்படியே. எனக்கே தெரிந்த ஒன்றை இன்னொருவர் சொல்லி நான் எதற்கு நம்ப வேண்டும்?"

புத்தரின் சூத்திரங்களைப் பாலி மொழியில் தொகுத்த பழைய நிகாயங்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது இந்தக் காட்சி. குடும்பஸ்தர் ஒருவர், தன் அனுபவம் என்று நான்கு ஜானங்களையும், அதாவது தியானத்தில் வாய்க்கும் நான்கு ஆழ்ந்த நிலைகளையும், சொல்கிறார். அங்குத்தர நிகாயத்தில் நந்தமாதா என்ற பெண்மணியும் இதையே சொல்கிறார். விடியலுக்கு முன் எழுந்து பாராயன வக்கம் என்ற பழைய பாடல் தொகுதியை ஓதுகிறவர் அவர். வடக்கிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த வெஸ்ஸவண தேவன் முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தானாம். அதே நிகாயத்தில், எந்தச் சீடர் எதில் முதன்மை என்று சொல்லும் பட்டியலில், ஜானத்தில் முதன்மையான இல்லறப் பெண் என்று உத்தரா நந்தமாதாவின் பெயர் வருகிறது. இப்படி வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இல்லறத்தார் சிலரே. எல்லா உபாசகர்களும் ஜானத்தில் திளைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் கதவு சாத்தியிருந்தது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் சொற்களைச் சரிசெய்துகொள்வோம், ஏனென்றால் தமிழ்க் காதுக்கு இவை பொறி. தியானம் என்ற வடசொல்லின் பாலி வடிவம்தான் ஜானம். நமக்குத் தியானம் என்றால் கண்ணை மூடி உட்காருவது எல்லாமே. சூத்திரங்களில் ஜானம் என்பது அப்படி உட்கார்ந்தவருக்கு வாய்க்கும் ஒரு குறிப்பிட்ட நிலை. சமாதி என்றால் நமக்குக் கல்லறையும் நினைவுக்கு வரும். பாலியில் அது மனம் ஒன்றுகூடி நிற்பது. விசாரம் நம் ஊரில் கவலை. அங்கே, ஒரு பொருளைத் தொட்ட மனம் அதிலேயே தடவிக்கொண்டு தங்குவது. எல்லாவற்றையும் மிஞ்சியது பீதி. தமிழில் கிலி. பாலியில் உடம்பெல்லாம் பரவும் மகிழ்ச்சி.

முதல் படி: உறுத்தாத ஒரு நாள்

பாயை விரிப்பதற்கு வெகு முன்னால் ஆரம்பிக்கிறது இது. அங்குத்தர நிகாயத்தில் ஒரு சங்கிலி உண்டு: ஒழுக்கம் இருந்தால் உறுத்தல் இல்லை, உறுத்தல் இல்லையென்றால் உள்ளம் மலரும், மலர்ந்தால் பீதி, பீதியால் உடல் அடங்கும், அடங்கினால் சுகம், சுகமுள்ள மனம் சமாதி கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, 'இது வரட்டும்' என்று எங்கும் விரும்ப வேண்டியதில்லை என்று அந்தச் சூத்திரம் சொல்வதுதான். முந்தையது இருந்தால் அடுத்தது தன் இயல்பில் வரும்.

ஆகவே ஐந்து சீலம்: கொல்லாமை, திருடாமை, தவறான காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல். பக்திக்காக என்பதைவிட, கணக்குக்காக என்று எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் அலுவலகத்தில் சொன்ன ஒரு பொய், மாலையில் கண்ணை மூடிய மூன்றாவது நிமிடத்தில் சரியாக வந்து நிற்கும்.

கொடையும் இதே கணக்கில்தான் வருகிறது. ஆனால் அதோடு நிற்க வேண்டாம் என்று அநாதபிண்டிகரிடம் புத்தரே சொன்னார். ஜேதவனத்தைப் பிக்குகளின் சங்கத்துக்குக் கொடுத்த செல்வந்தர் அவர். சீவரம் (துறவியின் ஆடை), உணவு, உறைவிடம், மருந்து எல்லாம் கொடுத்துவிட்டோம் என்று அதில் திருப்தியடைந்துவிடாதீர்கள், 'தனிமையில் பிறக்கும் பீதியில் அவ்வப்போது நுழைந்து தங்குவது எப்படி' என்று பயிலுங்கள் என்கிறார். அந்த 'அவ்வப்போது' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லறத்தாருக்கு அளந்து தைத்த சொல் அது. கடை, கணக்கு, குழந்தைகள் எல்லாவற்றுக்கும் நடுவே, அவ்வப்போது.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

காடு, மரத்தடி, ஆளில்லாத குடில் என்கின்றன சூத்திரங்கள். நமக்கு ஓர் அறை, இல்லாவிட்டால் அறையின் ஒரு மூலை. விடியற்காலை நல்லது. சாப்பிட்டவுடன் உட்காராதீர்கள். முதல் சில வாரம் 20 நிமிடம், பிறகு 45 என்பது என் கணக்கு. சூத்திரத்தில் நிமிடக் கணக்கு இல்லை.

கைபேசி அறைக்கு வெளியே இருக்கட்டும். வைசாலியில் லிச்சவி குலத்தார் ரதங்களில் ஆரவாரமாக வந்தபோது, மூத்த பிக்குகள் சிலர் கோசிங்க சாலவனத்துக்கு ஒதுங்கிப் போனார்கள். அதைக் கேட்ட புத்தர் சரியாகச் செய்தார்கள் என்று சொல்லி, எதற்கு எது முள் என்று ஒரு பட்டியல் தந்தார். அதில் முதல் ஜானத்துக்கு முள், ஒலி. மிக்ஸி ஓடும் நேரத்தை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது ஒன்றும் சுயநலம் இல்லை.

மாதத்தில் ஒன்றிரண்டு நாள் உபோசத நோன்பு இருந்து பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி என்று பழைய வழக்கம். அன்று எட்டுச் சீலம்: பிரம்மச்சரியம், மதியத்துக்குப் பின் உணவு இல்லை, பாட்டு கூத்து அலங்காரம் இல்லை, சொகுசுப் படுக்கை இல்லை என்பவையும் சேரும். இலங்கையில் பௌர்ணமியான போயா நாளில் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய் நாள் முழுக்க இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே நோன்புதான். சாதாரண வாரத்தில் ஒரு மாதம் முக்கினாலும் கிடைக்காத அமைதி, அப்படி ஒரு நாளின் மாலையில் சும்மா வந்துவிடுவதுண்டு.

மூன்றாம் படி: உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது

தரையில் சம்மணம், முட்டி வலித்தால் நாற்காலி. முதுகு நேராக, ஆனால் விறைப்பாக அல்ல. மூச்சை நாம் நடத்த வேண்டாம். நீளமாக வந்தால் நீளம் என்று தெரியட்டும், குட்டையாக வந்தால் குட்டை என்று தெரியட்டும். கடைசல் வேலைக்காரர் நீளமாக இழுக்கும்போதும் குறுக்கி இழுக்கும்போதும் கைக்குத் தெரிவதுபோல என்பது சூத்திரத்தின் உவமை. பிறகு முழு உடலையும் உணர்ந்து மூச்சு, பிறகு உடலின் இயக்கத்தை அமைதிப்படுத்தி மூச்சு. ஆனாபானசதி சூத்திரம் 16 படிகள் சொல்கிறது; முதல் நான்கு இவை. ஐந்தாவது பீதி, ஆறாவது சுகம். தொடக்கத்தில் இந்த ஆறே நமக்குப் போதும்.

மனம் நிற்கவே இல்லையா? எண்ணுங்கள். ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல் எண்ணு என்கிறது விசுத்திமக்கம். அது 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்தில் இருந்து எழுதியது. சூத்திரங்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. (மரபு அவருக்குச் சமகாலத்தவர் என்று சொல்லும் புத்ததத்தர், காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து பாலியில் எழுதிய சோழநாட்டுக்காரர். நம் மண்ணுக்கு இந்த விஷயம் அந்நியம் இல்லை.) எண்ணுவது ஊன்றுகோல். நடை வந்தபின் விட்டுவிடலாம்.

பிடியின் அழுத்தம் முக்கியம். காடையைக் கையில் பிடிப்பதுபோல என்று மஜ்ஜிம நிகாயத்தில் ஓர் இடம்: இறுக்கினால் செத்துப்போகும், தளர்த்தினால் பறந்துவிடும். படித்துப் பழகியவர்கள் பெரும்பாலும் இறுக்குகிற ரகம். நெற்றிப்பொட்டு வலித்தால் நீங்கள் காடையைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள்.

நான்காம் படி: ஐந்து தடைகள்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும். அதில் ஏமாற்றம் வேண்டாம், வேலையே இதுதான். நாட்டம், கோபம், மந்தம், பரபரப்போடு கூடிய உறுத்தல், சந்தேகம். பாலியில் நீவரணம்.

நெடுநாள் மனப்பாடம் செய்த மந்திரம்கூடச் சில சமயம் நினைவுக்கு வருவதில்லையே, ஏன் என்று சங்காரவர் என்ற பிராமணர் புத்தரிடம் கேட்டார். பதிலாக ஒரு தண்ணீர்ப் பாத்திரம் வந்தது. சாயம் கலந்த தண்ணீரில் முகம் பார்க்க முடியுமா? அது நாட்டம். கொதிக்கும் தண்ணீர் கோபம். பாசி மூடியது மந்தம். காற்றில் அலைவது பரபரப்பு. கலங்கிச் சேறாகி இருட்டில் வைத்தது சந்தேகம். அமர்ந்து ஐந்து நிமிடம் ஆனதும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது எந்தத் தண்ணீர்? பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நாட்டம் என்றதும் காமம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்பதும் அதுதான். அதன் தீங்கை ஒருமுறை நினைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். கோபத்துக்கு மைத்ரி, அதாவது நலமாக இருக்கட்டும் என்று நினைப்பது: முதலில் உங்களுக்கு, பிறகு பிரியமானவருக்கு, கோபித்தவரைக் கடைசியில் தொட்டால் போதும்.

மந்தத்துக்கு, மகதத்தின் கல்லவாளமுத்த கிராமத்தில் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்த மொக்கல்லானருக்குப் புத்தர் தந்த யோசனைகள் இருக்கின்றன. இரண்டு பிரதான சீடர்களில் ஒருவருக்கே தூக்கம் என்பது நமக்கு ஆறுதல். நினைப்பை மாற்று, கற்றதை எண்ணிப் பார், ஓது, காதுகளைப் பிடித்து இழுத்து உடம்பைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி விண்மீன்களைப் பார், வெளிச்சத்தை நினை, முன்னும் பின்னும் நட. இவ்வளவும் செய்தும் தீராவிட்டால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படு. ஆறு மணி நேரம்கூடத் தூங்காதவர்கள் இந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து படிக்கலாம் என்பேன்.

பரபரப்புக்கு இன்னொரு சூத்திரம் வேகமாக நடக்கும் ஒருவனைக் காட்டுகிறது. ஏன் ஓடுகிறேன் என்று மெதுவாக நடக்கிறான், ஏன் நடக்கிறேன் என்று நிற்கிறான், பிறகு உட்காருகிறான், பிறகு படுக்கிறான். எண்ணத்தையும் அப்படி ஒவ்வொரு கியராகக் குறைக்கலாம். உறுத்தல் என்றால் முதல் படிக்குத் திரும்ப வேண்டும்: மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் போய்க் கேளுங்கள், மூச்சால் அதைத் தேய்த்து அழிக்க முடியாது. சந்தேகத்துக்கு, உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் தீர்ப்பை ஒத்திவையுங்கள். எழுந்த பின் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

தடைகள் விலகினால் எப்படி இருக்கும்? தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சூத்திரம் ஐந்து காட்சி தருகிறது: கடன் அடைத்தவன், நோய் தீர்ந்தவன், சிறை மீண்டவன், அடிமைத்தளை நீங்கியவன், ஆபத்தான பாலைவழி கடந்தவன். கடன்காரன் தொழிலில் சம்பாதித்து அடைத்தது போக, குடும்பத்துக்கும் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று விவரமாகச் சொல்கிறது. வீட்டுக்கடனின் கடைசித் தவணை கட்டியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அந்த நிம்மதி உடம்பில் தெரிய ஆரம்பித்தால் அடுத்த படி திறந்துவிட்டது.

ஐந்தாம் படி: பீதி வரும்போது பீதி வேண்டாம்

கைவிரல்களில் சிலிர்ப்பு, முதுகில் ஒரு குளிர் ஓட்டம், மயிர்க்கூச்செறிதல், உடம்பு லேசானது போல ஓர் உணர்வு, சிலருக்குக் கண்ணீர். உரைநூல் மரபு பீதியை ஐந்து வகையாக்குகிறது: மயிர்க்கூச்செறியும் சிறு பீதி, மின்னல்போல் தெறித்து மறைவது, கரையில் அலைபோல் மோதி மோதி வருவது, உடலைத் தூக்குவது, முழுவதும் பரவுவது. எனக்கு முதன்முறை வந்தபோது, மின்விசிறிக் காற்று என்று நினைத்து எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதோடு போயிற்று, மறுபடி வர இரண்டு மாதம்.

ஆகவே, வந்தால் எழாதீர்கள். 'இதுதான் அது' என்று குதிக்கவும் வேண்டாம். மூச்சிலேயே இருந்தபடி, அது தானாக விரிய இடம் கொடுங்கள். பயமாக இருந்தால் கண்ணைத் திறந்து, உடம்பு தரையைத் தொடும் இடத்தை உணருங்கள். பழைய அதிர்ச்சிகளும் கடும் மனச்சோர்வும் உள்ளவர்கள், மருத்துவம் எடுப்பவர்கள், இதைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். மருத்துவரும் தெரிய வேண்டும், அனுபவமுள்ள ஆசிரியரும் கூட இருக்க வேண்டும். நாள்கணக்கில் தூக்கம் கெட்டால் நிறுத்திவிட வேண்டும்.

இந்த இன்பம் பாவம் இல்லையா என்று உள்ளூர ஒரு குரல் கேட்கும். புத்தருக்கே கேட்டது. கடுந்தவத்தில் எலும்பும் தோலுமாக ஆனபின் அவருக்குச் சிறுவயது நினைவு ஒன்று வந்தது: தந்தையார் வேலையில் இருக்க, நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் உட்கார்ந்தபோது முதல் ஜானம் வாய்த்தது. காமத்தோடும் தீமையோடும் தொடர்பில்லாத அந்த இன்பத்துக்கு நான் ஏன் அஞ்சுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மஜ்ஜிம நிகாயம் சொல்லும் இந்தச் சம்பவத்தில் அவர் துறவி இல்லை, வீட்டுப்பிள்ளை.

இல்லறத்தாருக்கு இந்த இன்பம் ஏன் அவசியம் என்பதும் அதே நிகாயத்தில் இருக்கிறது. சாக்கிய குலத்து மகாநாமர் புத்தரிடம் வந்து, உங்கள் போதனை எல்லாம் புரிகிறது, ஆனாலும் ஆசையும் வெறுப்பும் என் மனத்தைப் பிடித்துக்கொள்கின்றனவே என்று முறையிட்டார். ஆசைகளில் சுவை குறைவு, துன்பம் அதிகம் என்று அறிந்தால் மட்டும் போதாது. அவற்றுக்கு அப்பாற்பட்ட பீதியும் சுகமும் கிடைக்காதவரை மனம் அவற்றிடமே திரும்பும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். புத்தியால் ஆசையை வென்றவர்களை நான் பார்த்ததில்லை, இந்தப் பதில் அதனால்தான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆறாம் படி: முதல் ஜானம்

வெண்கலத் தட்டில் குளியல் பொடியைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைகிறான் ஒருவன். உருண்டையின் உள்ளும் புறமும் ஈரம் ஊறுகிறது, ஆனால் சொட்டவில்லை. இது முதல் ஜானத்தின் உவமை. நலங்கு மாவு குழைத்த கை இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பீதியும் சுகமும், பொடி உடம்பு, பிசையும் கை விதக்கமும் விசாரமும்: மனத்தை மூச்சில் வைப்பதும், வைத்த இடத்தில் தங்க விடுவதும். ஆக, சிலிர்ப்பு வந்த இடத்திலிருந்து உச்சந்தலை, தோள், வயிறு, பாதம் என்று அந்த இனிமை ஊறாத இடம் இல்லாதபடி பரவ விடுங்கள். ஒரே நாளில் ஆகிற காரியம் இல்லை.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். விசுத்திமக்க வழியில் போகிறவர்களுக்கு, மியான்மரின் பா ஆக் மரபுபோல, மூச்சு ஓர் ஒளிக்குறியாக மாறி, அது அசையாமல் நின்று, மனம் அதில் மூழ்கினால்தான் ஜானம். அப்போது வெளி ஒலி கேட்காது, உடம்பும் தெரியாது. சூத்திரத்தை அப்படியே படிப்பவர்கள், உடலெங்கும் பரவட்டும் என்றுதானே உவமை சொல்கிறது, உடல் தெரியாமல் எப்படி என்று கேட்கிறார்கள். பெர்லினில் பிறந்து, இலங்கையில் துறவு பூண்டு, பின்னர் பிக்குணியான ஐயா கேமா என்ற பெண் துறவி, இல்லறத்தாருக்கும் ஜானத்தை எட்டக்கூடிய ஒன்றாகவே கற்றுத் தந்தார். நான் சூத்திரக் கட்சி. அதே சமயம், ஒலி முள் என்று சொன்ன புத்தர் அதை அற்பமாக நினைக்கவில்லை என்பதால், வடிவேலு காமெடி பின்னணியில் ஓடும்போது ஜானம் கண்டேன் என்பவரிடம் எனக்கு மரியாதை குறைவுதான்.

அடுத்த மூன்றும், அவசரம் கூடாத காரணமும்

இரண்டாவதில் பிசையும் கை ஓய்கிறது. நான்கு திசையிலும் வாய்க்கால் இல்லாத, மழையும் பெய்யாத குளம், அடியூற்றின் குளுமையால் மட்டும் நிறைவதுபோல. மூன்றாவதில் பீதியின் துள்ளல் அடங்கி, நீருக்குள்ளேயே வளர்ந்த தாமரைபோல அமைதியான சுகம். நான்காவதில் சுகமும் துக்கமும் இல்லாத சமநிலை. தலை முதல் கால்வரை வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்தவன் உவமை. சித்தரும் நந்தமாதாவும் இதுவரை போனவர்கள்.

மலைப்பசு ஒன்று, போகாத இடத்துக்குப் போய்ப் புதுப் புல் மேய ஆசைப்பட்டது. முன்காலைச் சரியாக ஊன்றாமலே பின்காலைத் தூக்கியது. புதுப் புல்லும் கிடைக்கவில்லை, பழைய இடத்துக்குத் திரும்பவும் முடியவில்லை. முதல் ஜானம் உறுதிப்படும் முன் இரண்டாவதைத் தேடுகிறவரைப் பற்றி அங்குத்தர நிகாயம் சொல்வது இது. ஆகவே முதலாவதில் ஒரு வருடம் போனாலும் போகட்டும். வசதி இருந்தால் பத்து நாள் முகாம் ஒன்றில் ஆசிரியரின் கண்பார்வையில் உட்கார்ந்துவிட்டு வருவது, வீட்டில் பல மாதம் தட்டுத் தடுமாறுவதை மிச்சப்படுத்தும்.

எழுந்த பின்

மணி அடித்ததும் துள்ளி எழாதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே இருந்து, என்ன வந்தது, எது போனது, எதனால் என்று பின்னோக்கிப் பாருங்கள். வந்த சுகமும் போய்விட்டது என்பதையும் பாருங்கள். அதிலிருந்துதான் ஞானத்தின் வேலை தொடங்குகிறது.

பிறகு ஒரு நோட்டில் இரண்டு வரி. கெட்டிக்காரச் சமையல்காரனைப் பற்றி ஒரு சூத்திரம் உண்டு. இன்று ராஜா எந்தக் குழம்பை எடுத்தார், எதை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார், எதைப் புகழ்ந்தார் என்று கவனித்து வைத்துக்கொள்கிறான், அவனுக்குச் சம்பளமும் பரிசும் கிடைக்கிறது. தன் மனத்தின் ருசியை அப்படிக் கவனிக்கிறவனுக்குச் சமாதி கைகூடும் என்கிறது. என் நோட்டில் போன மாதம் இருப்பவை: 'இரவு பிரியாணி, காலையில் பாசி.' 'தம்பியோடு சண்டை, கொதி தண்ணீர், மைத்ரி எடுபடவில்லை. போன் செய்து பேசினேன்.' 'மழை, வீட்டில் யாரும் இல்லை, தோள் வரை ஊறியது.' 'நேற்றைப் போல வரும் என்று காத்திருந்தேன். சாயத் தண்ணீர்.'